நாயின் இரத்தம் சொல்லும் சேதி

நாயின் கண் மஞ்சளித்து, சோறு தண்ணீர் இறங்காமல் போனால், "இனி இது தேறாது" என்று லயத்தில் சொல்லிவிடுகிறோம். இரத்தம் எடுத்துப் பார்த்து, எண் பன்மடங்கு ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் கைவிட்டே விடுகிறோம். அந்த எண் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1913ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு மருத்துவர் வான் டென் பெர்க், மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபினை இரத்தத்தில் அளந்து காட்டினார். பிறகு, 1920களில், அமெரிக்காவின் மேயோ நிலையத்தில் மான், மகாத் என்னும் இருவர் நாய்களின் கல்லீரலை முழுவதுமாக அகற்றி ஆராய்ந்தனர். சில மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள சர்க்கரை இறங்கியது. நாய் சோர்ந்து விழுந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து நின்றது! ஆனாலும் அது நெடுநேரம் பிழைக்கவில்லை. சொல்லவே நமக்கு மனம் கனக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையைக் காத்து நிற்பது கல்லீரல்தான் என்பதை உலகுக்குக் காட்டியவை அந்த வாயில்லா உயிர்களே.

நாம் கேள்விப்படும் எண் இதற்கெல்லாம் பிந்தியது. 1954இல் நியூயார்க்கில் லாடியூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர், மாரடைப்பு கண்டவர்களின் இரத்தத்தில் ஒரு நொதி உயர்வதைக் கண்டனர். அதன் உறவான ஏ.எல்.டி. என்னும் நொதி நாய்க்குப் பெரும்பாலும் கல்லீரல் அணுக்களில் இருக்கிறது. அணு காயம்பட்டால் அது இரத்தத்தில் கசியும்.

இங்கேதான் நாம் தவறுகிறோம். பால் வாளியில் ஓட்டை விழுந்தால் பால் ஒழுகும். ஒழுகுவதைப் பார்த்து ஓட்டை உண்டென்று சொல்லலாம். வாளியில் மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? ஒரு முறை நஞ்சு தின்ற நாய்க்கு ஏ.எல்.டி. மிக உயர்ந்தும், கல்லீரல் மீண்டும் வளர்ந்து பிழைத்துவிடலாம். நெடுநாள் நோயில் கல்லீரல் சுருங்கிய நாய்க்கோ எண் ஏறக்குறைய சரியாகவே இருக்கலாம். கசிய அணுக்களே மிச்சமில்லை!

மிச்சத்தைச் சொல்பவை வேறு: கல்லீரல் செய்யும் அல்புமின் என்னும் புரதம், இரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, யூரியா. அல்புமின் குறைந்து, வயிற்றில் நீர் கோத்து, இரத்தம் உறையத் தாமதித்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

காமாலை கண்ட நாயின் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிகளால் பரவும் லெப்டோ நோயாகவும் இருக்கலாம், அது மனிதரையும் பற்றும். கால்நடை மருத்துவரிடம் போனால், "எண் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "அல்புமின் எப்படி, மறுபடி எப்போது இரத்தம் பார்க்கலாம்?" என்றும் கேளுங்கள்.