பெடலுக்கு ஏன் 9 வோல்ட்? ஒரு சின்னப் பேட்டரியின் வரலாறு



நம் பழைய மாணவன் ஒருவன் இப்போது திருவிழா மேடைகளில் கிட்டார் வாசிக்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "சார், எஃபெக்ட் பெடல் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் 9 வோல்ட்தான் கேட்கிறது. ஏன் 6 இல்லை, ஏன் 12 இல்லை? அடாப்டர் போட்டால் இரைகிறது. பேட்டரி போட்டால் காசு கரைகிறது. எதை நம்புவது?" நல்ல கேள்வி. பதில் பாதி இயற்பியல், பாதி வரலாறு. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பெடல் என்றால் என்னவென்று கேட்கும் உறவினர்களுக்காக: எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சின்ன உலோக டப்பா அது. காலால் மிதித்தால் ஒலி மாறும். கரகரக்கும், எதிரொலிக்கும், அலை போல ஆடும்.

கதை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பழுதில் தொடங்குகிறது. 1960இல் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார், பதிவுப் பலகையில் கெட்டுப்போன ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போனதால் கிழிந்த ஒலியாகப் பதிவானது. அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டு 1961இல் வெற்றி பெற்றது. மற்றவர்களும் அதே ஒலியைக் கேட்டு வந்தார்கள். அதற்குள் அந்த டிரான்ஸ்ஃபார்மர் முழுதாகவே செத்துவிட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து, அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர்களால் செய்துகாட்டினார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது. மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், இரண்டு 1.5 வோல்ட் செல்கள். மொத்தம் 3 வோல்ட்!

ஆக, முதல் ஃபஸ் பெடல் 9 வோல்ட்டில் ஓடவில்லை. முதலில் விற்பனையும் பெரிதாக இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கடைகளில் இருந்த சரக்கு எல்லாம் தீர்ந்தது.

அப்படியானால் 9 எங்கிருந்து வந்தது? ரேடியோவிலிருந்து. வால்வு போட்ட கைப்பெட்டி ரேடியோக்களுக்கு 67.5 வோல்ட், 90 வோல்ட் என்று கனமான பேட்டரிகள் தேவைப்பட்டன. 1954இல் வந்த ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு 22.5 வோல்ட் போதுமானதாக இருந்தது. 1956இல் எவரெடி கம்பெனி, தலையில் இரண்டு பட்டன் வைத்த சதுரமான 9 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்தது. ஒரு செல் 1.5 வோல்ட், உள்ளே ஆறு செல்கள். 6 × 1.5 = 9. வாய்ப்பாடு அவ்வளவுதான். சட்டைப்பை ரேடியோவுக்குள் அடங்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். பெடல் செய்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் கொண்டுவந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடலுக்கும் இதே பேட்டரிதான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த பெடல் அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பிஎன்பி வகை. அதனால் பேட்டரியின் பிளஸ் முனையை உலோக டப்பாவோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு பெடலுக்கும் தனிப் பேட்டரி இருந்தவரை தொந்தரவில்லை. பின்னால் வந்த சிலிக்கான் பெடல்களில் மைனஸ் முனை டப்பாவோடு சேர்ந்தது. இரண்டு வகையையும் ஒரே அடாப்டரில் மாட்டினால், கிட்டார் வயரின் வெளி உறை வழியாகப் பிளஸும் மைனஸும் நேராகச் சந்திக்கும். ஷார்ட் சர்க்யூட்! பழைய ஃபஸ் பெடலுக்கு இன்றும் தனிப் பேட்டரி போடச் சொல்வது இதனால்தான்.

1977இல் ஜப்பானின் பாஸ் கம்பெனி சின்னப் பெடல்களை இறக்கியது. முன்பக்கத் திருகைக் கையாலேயே கழற்றிப் பேட்டரி மாற்றலாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். மேடையில் வேலை செய்பவனை நினைத்துச் செய்த பொருள். உள்ளே இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. வயரைச் சொருகும் ஜாக்கே ஸ்விட்ச். சொருகினால் மைனஸ் இணையும், உருவினால் அறுபடும். அடாப்டரைச் சொருகினால் பிளஸ் பக்கம் பேட்டரி விலகும். அந்தத் துண்டிப்பு அடாப்டர் ஜாக்கின் வெளிப்பக்கத் தொடர்பில் நடப்பதால் பிளஸ் வெளியிலும் மைனஸ் நடுவிலும் வந்தது. வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இனி காசுக் கணக்கு. ஒரு நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். ஃபஸ் பெடல் சுமார் 1 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். 500 மணி நேரம் வரும், பல திருவிழாக்கள் தாண்டும். ஓவர்டிரைவ் 10 இழுத்தாலும் 50 மணி நேரம். டிஜிட்டல் டிலே 60, 70 இழுக்கும். ஏழெட்டு மணி நேரம்கூட முழுதாக நிற்காது. ஆகவே "பேட்டரியா, அடாப்டரா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பெடல் எவ்வளவு இழுக்கிறது என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அடாப்டர் ஏன் இரைகிறது? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது சரியாக வடிகட்டாவிட்டால் 100 ஹெர்ட்ஸ் மிச்சம் நிற்கும். பிடிவாதமான சுருதிப்பெட்டி போல எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஒலிக்கும். ஜெனரேட்டர், சீரியல் செட், மைக் செட் எல்லாம் ஒரே லைனில் இருந்தால் இன்னும் மோசம். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலைக் கோத்தால் ஒன்றின் சத்தம் மற்றதற்குள் புகும். பேட்டரிக்கு இந்த நோய் கிடையாது. அது யாரோடும் ஒட்டாமல் தனியாக இருக்கிறது. இன்று விலை கூடிய பவர் சப்ளைகள் ஒவ்வொரு முனையையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது அந்தத் தனிமைக்காகத்தான்.

பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும். ஃபஸ் பெடலின் ஒலியும் மாறும். சிலருக்கு அந்த இறங்கிய ஒலிதான் பிடிக்கும். அதனால் வோல்ட்டை வேண்டுமென்றே குறைக்கும் திருகு வைத்த பவர் சப்ளைகளும் விற்கின்றன. தீர்ந்துபோன பேட்டரியின் ஒலிக்குக் காசு கொடுக்கிறார்கள்! பழுதில் பிறந்த கருவிக்கு இது பொருத்தம்தான்.

மேடைதான் பிழைப்பு என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பெடல்களில் மின்சாரம் நின்றால் எஃபெக்ட் மட்டும் போகாது, கிட்டார் சத்தமே முழுதாக நின்றுவிடும். பல்லவி நடுவில் அப்படி நின்றால் கூட்டம் பேட்டரியைத் திட்டாது, வாசிப்பவரைத்தான் திட்டும். அடுத்த புக்கிங்கும் போகும். ஆகவே அதிகம் இழுக்கும் பெடல்களுக்குத் தனித்தனி முனை உள்ள பவர் சப்ளை, பழைய ஃபஸ்ஸுக்குப் பேட்டரி, பையில் எப்போதும் புதிதாக ஒன்று. கச்சேரி முடிந்ததும் வயரை உருவி வையுங்கள். உருவாவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் அது குடித்துக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். வீட்டில் இன்னும் யாரிடமாவது பழைய சட்டைப்பை டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதன் பின்மூடியைத் திறந்து போட்டோ போடுங்கள். எத்தனை வோல்ட் என்று பார்ப்போம்.