டூலா: ஒரு சொல்லும் ஒரு பணியும்

பிள்ளைப்பேற்றின்போது தாயின் அருகிருந்து தேற்றும் பெண்ணை மேனாடுகளில் 'டூலா' என்று அழைக்கின்றனர். புதிய ஏற்பாட்டை மூலமொழியில் பயின்றோருக்கு இச்சொல் புதிதன்று. லூக்கா முதலாம் அதிகாரத்தில் மரியாள் தன்னைக் குறிக்க எடுத்தாளும் 'டூலே' என்னும் கிரேக்கச் சொல்லே இது. அடிமைப்பெண் என்பது அதன் நேர்ப்பொருள். 1973இல் அமெரிக்க மானிடவியலார் டானா ரஃபேல், தாய்ப்பாலூட்டல் பற்றிய தம் நூலில் இளந்தாய்க்கு உதவும் பெண்ணை இப்பெயரால் குறித்தார். அடிமைத்தளையில் உழன்றோரின் வழிவந்த கறுப்பினப் பெண்களுள் சிலர் இப்பெயரை ஏற்க மறுக்கின்றனர். அது நியாயமே என்போம்.

மருத்துவச்சி வேறு, டூலா வேறு. யாத்திராகமத்துச் சிப்பிராளும் பூவாளும் பிள்ளையை ஏந்திய கைகள். (அவர்கள் எபிரெயரா, எபிரெயப் பெண்களுக்குப் பணிசெய்த எகிப்தியரா என்பது பழைய வழக்கு, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு பின்னதற்கும் இடந்தருகிறது.) டூலாவோ பிள்ளையை ஏந்துவதுமில்லை, மருந்து கொடுப்பதுமில்லை. கையைப் பற்றுவாள், முதுகை நீவுவாள், பேசுவாள். இவ்வளவினால் ஆவதென்ன?

குவாத்தமாலா நகர மருத்துவமனை ஒன்றில் உறவினர் எவரும் பிரசவ அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. அங்கே சோசா, கென்னல், கிளாஸ் முதலிய மருத்துவர்கள், முன்பின் அறியாத, பயிற்சியும் பெறாத ஒரு பெண்ணைத் தாய்மார் சிலருக்குத் துணையாக அமர்த்தினர். 1980இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சிக்கலின்றிப் பெற்ற தாய்மாருள், தனித்திருந்தோருக்கு மருத்துவமனையில் சேர்ந்தது முதல் பேறு வரை சராசரி 19.3 மணி நேரம்; துணை பெற்றோருக்கு 8.8 மணி நேரம். இக்கணக்கு ஒவ்வொரு பக்கமும் இருபது பேரைக் கொண்டதே. எனினும் 1991இல் ஹூஸ்டன் நகரில் 412 தாய்மாரிடம் செய்த ஆய்வும் இதற்கு அரண்செய்தது. துணையற்றோருள் நூற்றுக்குப் பதினெண்மருக்கு அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. துணை பெற்றோருள் எண்மருக்கே நேர்ந்தது. வாய்திறவாமல் ஓரமாக இருந்து குறிப்பெடுத்த பெண் உடனிருந்தபோதோ அது பதின்மூன்று! வெறுமனே ஒருத்தி இருப்பதே பயன்தந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

ஆயினும், ஏழைப் பெண்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட இப்பணி, செல்வ நாடுகளில் கூலி கொடுக்க வல்லோரின் உடைமையாயிற்று. அந்நிய நாட்டில், மொழியறியாது பிள்ளை பெறும் அகதிப் பெண்ணே வெளியே நின்றாள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 2008இல் தொடங்கிய முயற்சி இக்குறையை நோக்கியது. புலம்பெயர்ந்த பெண்களையே பயிற்றுவித்து, டூலாவாகவும் பண்பாட்டு மொழிபெயர்ப்பாளராகவும் அமர்த்தினர்.

ஸ்டாக்ஹோமில் சோமாலி, அரபு, போலிஷ், ரஷ்யன், திக்ரிஞா பேசும் பெண்களிடம் நடந்து, 2022இல் வெளியான ஆய்வு, இத்துணையால் தாய்மாரின் மனநிறைவில் வேறுபாடு காணவில்லை. இதை மறைத்தல் தகாது. குவாத்தமாலாவில் ஒருவருமற்ற பெண்ணோடு ஒப்பிட்டனர் என்பதையும், ஸ்வீடனில் மருத்துவச்சி உடனிருப்பது வழக்கம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கூலியை யார் கொடுப்பது என்பதே இன்றைய வழக்கு. மினசோட்டா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டத்தால் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் டூலாவின் ஊதியத்தைச் சேர்த்தது. கலிபோர்னியா 2023 ஜனவரியில் சேர்த்தது.