ஏடும் கல்லும் வாய்மொழியும்: பண்டை நூலகங்களுக்குச் சான்று தேடுதல்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயின்று மேல்வகுப்பை அடைந்த மாணவர் ஒருவர், வரலாற்றுப் பாடத்திற்குரிய ஆய்வுப் பணிக்காகத் ‘தமிழகத்தின் பண்டை நூலகங்கள்’ என்னும் தலைப்பைத் தேர்ந்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு மாலைப்பொழுதிலேயே அவருக்கு இருபது பக்கம் நிரம்பும் அளவிற்குச் செய்தி கிடைத்துவிடும். சோழர் காலத்திலேயே தஞ்சையில் பெருநூலகம் இருந்தது என்றும், தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்றும் அவர் படிப்பார். அவற்றை அப்படியே எடுத்தெழுதினால் கட்டுரை நீளும். ஆனால் ஆய்வு தொடங்கியிராது. கிடைத்த செய்திகளுள் எது எவ்வளவு தாங்கும் என்று நிறுத்துப் பார்க்கும் முறையையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

அம்முறையைக் கற்பதற்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. இம்மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், லிங்கி ஆற்றுக்கு அணித்தாக, பெங்காலான் கெம்பாஸ் என்னும் இடத்தில் பழங்கற்கள் சில நிற்கின்றன. அவற்றுள் எழுத்துப் பொறித்த தூண் ஒன்று சேக் அகமது மஜ்னூன் என்பாரை நினைவுகூர்வது. அதில் ஜாவி எழுத்திலும் காவி எழுத்திலும் வாசகங்கள் உள்ளன. ஜாவி வாசகம் தரும் ஆண்டு இசுலாமிய ஆண்டு 872, அது கி.பி. 1467ஆம் ஆண்டில் தொடங்குகிறது. காவி வாசகம் தரும் ஆண்டு சக ஆண்டு 1385, அது கி.பி. 1463ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஒரே தூணில், ஒரே மனிதரைப் பற்றி, நான்கு ஆண்டு வேறுபாடுடைய இரு குறிப்புகள் நிற்கின்றன.

அத்தூணில் வட்டத் துளை ஒன்றும் உண்டு. பொய்யுரைப்போர் அத்துளையில் கையை நுழைத்தால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது வட்டார நம்பிக்கை. ஆகவே இக்கல்லின் முன் நிற்கும் மாணவர்க்கு மூவகைச் செய்தி ஒருங்கே கிடைக்கிறது: இரு எழுத்துகளில் இரு வாசகங்கள், மக்கள் நாவில் வழங்கும் ஒரு கதை. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறைத்தல் ஆய்வாகாது. இரு ஆண்டுகளையும் குறித்து, அவை மாறுபடுவதையும் குறித்தல் வேண்டும். நம்பிக்கைக் கதையை 15ஆம் நூற்றாண்டுச் செய்தியாகக் கொள்ளாமல், மக்கள் அக்கல்லைப் பிற்காலத்தில் எவ்வாறு கருதினர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

கல்லில் வெட்டியதற்கே இத்துணை விழிப்பு வேண்டுமாயின், எளிதில் அழியும் ஓலையில் எழுதியதற்கு எவ்வளவு வேண்டும்! அசீரிய மன்னன் அசூர்பனிபால் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவே நகரில் தொகுத்த நூலகம் களிமண் பலகைகளால் ஆயது. கி.மு. 612இல் அந்நகர் எரிந்தபோது தீயில் வெந்த பலகைகள் மேலும் இறுகின. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அவற்றின் பலகைகளும் துண்டுகளுமாக 30,000க்கு மேற்பட்டவை உள்ளன. அந்நூலகத்தைப் பற்றி எழுதுவோர் அந்நூலகத்தையே கையில் எடுத்துப் பார்க்கலாம். பனையோலையோ வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளே தாங்கும். இன்று சுவடிச்சாலைகளில் உள்ள தமிழ் ஏடுகளுள் மிகப்பல கடந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பெற்றவை. எனவே தமிழகத்தின் பண்டை நூலகங்களைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் பிற சான்றுகளின் வழியே அறிவனவாகும். அச்சான்றுகள் காலத்தால் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதே முதற்கேள்வி.

தில்லை ஏடுகளின் செய்தியை இக்கேள்வியால் சோதிப்போம். அதனை விரித்துரைப்பது திருமுறைகண்ட புராணம். இது 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படுவது. சோழ மன்னன் மூவர் பாடல்களைத் தேடியதையும், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு தில்லையில் ஏடுகள் இருந்த அறையைத் திறப்பித்ததையும், புற்று மூடிய ஏடுகளை எண்ணெய் வார்த்து எடுத்ததையும் அது பாடுகிறது. அம்மன்னன் முதலாம் இராசராசனே எனப் பலர் கொள்வர். அங்ஙனமாயின், நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் நூல் தோன்றிய காலத்திற்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உள்ளன.

இனி, காலத்தால் அருகில் நிற்கும் சான்றுகளைப் பார்ப்போம். இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரையும் உடன் முழவு முதலியன இயக்க இருவரையும் அம்மன்னன் அமர்த்தியதையும், ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளித்ததையும் கூறுகிறது. அதனினும் பழமையானது திருவல்லக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டப்பெற்ற அது, திருப்பதியம் பாடுவார்க்கு நெல் அளிக்க ஏற்பாடு செய்ததைக் குறிக்கிறது. ஆகவே இராசராசனுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அப்பாடல்கள் கோயில்களில் பாடப்பெற்றன. பாடல்கள் முற்றும் மறைந்து கிடந்தன என்று புராணத்தைக் கொண்டு மட்டும் எழுதும் மாணவர், இக்கல்வெட்டுகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

இதனால் புராணத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று கருதுதல் கூடாது. கோயிலில் ஏடுகளைத் தனியறையில் வைக்கும் வழக்கத்தையும், திறவாத அறையில் ஏடு அழியும் என்னும் அச்சத்தையும், தொகுத்துக் காப்பது அரசனுக்குப் புகழ் தரும் செயல் என்னும் எண்ணத்தையும் அது காட்டுகிறது. இவை அந்நூலை எழுதியவர் காலத்து எண்ணங்கள். 14ஆம் நூற்றாண்டைப் பற்றிக் கேட்டால் அந்நூல் நேர்ச்சான்று. 11ஆம் நூற்றாண்டைப் பற்றிக் கேட்டால் அது தொலைச்சான்று. ஒரே நூலின் மதிப்பு நாம் கேட்கும் கேள்விக்கேற்ப மாறுவதை மாணவர் இங்கே உணரலாம்.

உலகப் புகழ்பெற்ற அலெக்சாந்திரியா நூலகத்திற்கும் இதே நிலை நேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் அந்நகரைக் கைப்பற்றியபோது கலீபா உமரின் ஆணையால் நூல்கள் எரிக்கப்பட்டன என்னும் கதை பல நூல்களில் உண்டு. அக்கதையை நாம் காண்பது 13ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களிடத்து. இடைவெளி ஏறத்தாழ அறுநூறு ஆண்டு. கி.மு. 48இல் சூலியசு சீசர் அங்குப் போரிட்ட காலத்திலேயே நூல்கள் தீக்கிரையானதாகப் பழைய ஆசிரியர் சிலர் கூறுகின்றனர். அழிவுக்கு ஒரே நாளையும் ஒரே பகைவனையும் காட்டும் கதை மனத்தில் எளிதில் பதிகிறது. பேணுதல் குன்றி நூல்கள் சிறுகச் சிறுக மறைந்த வரலாறு அவ்வாறு பதிவதில்லை. எளிதில் பதிவதை இருமுறை சோதித்தல் ஆய்வாளர்க்கு நன்று.

தமிழகக் கோயில்களில் நூல்நிலையங்கள் இருந்தமைக்கு நேரான சான்று உண்டா என்றால், உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சிதம்பரக் கல்வெட்டும் திருவரங்கக் கல்வெட்டும் ‘சரசுவதி பண்டாரம்’ என்னும் அமைப்பைக் குறிக்கின்றன. பண்டாரம் என்பது கருவூலம். பொன்னும் மணியும் வைக்குமிடத்திற்குரிய பெயரை ஏடுகள் வைக்குமிடத்திற்கும் இட்டனர். சிதம்பரத்துக் கல்வெட்டு, பழுதுற்ற ஏடுகளைப் படியெடுக்கவும் ஒப்புநோக்கவும் ஆட்கள் அமர்த்தப்பெற்றதை அறிவிக்கிறது. அக்காலத்து நூலகத்தின் உயிர்ப்பணி படியெடுத்தலே என்பதை இதனால் அறிகிறோம். எனினும் கல்வெட்டு ஓர் ஏற்பாட்டின் தொடக்கத்தைக் கூறுவது; அவ்வேற்பாடு எத்தனை ஆண்டு நடந்தது என்பதை அதிலிருந்து கணித்தல் இயலாது. ஆணையையும் நடப்பையும் ஒன்றெனக் கொள்ளாமை இரண்டாவது விதி.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தைப் பற்றி எழுதும்போது மூன்றாவது விதி தேவைப்படுகிறது. பெயர் ஒத்திருப்பதனால் அதனைச் சோழர் காலத்துச் சரசுவதி பண்டாரத்தோடு நேரே இணைத்துவிடுவோர் உளர். நாயக்க மன்னரின் அரண்மனைத் தொகுப்பாக வளர்ந்து, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் ஆட்சியில் (1798–1832) பெருகி, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது அந்நூலகம். சரபோசி தாம் வாங்கிய அச்சு நூல்களில் கையொப்பமிட்டு வைத்துள்ளார். அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னல் என்பார் தொகுத்த அட்டவணை 1880இல் வெளிவந்தது. கையொப்பமும் அட்டவணையும் காலம் குறிக்கத்தக்க சான்றுகள், பெயரொற்றுமை அத்தகையதன்று. இருநூறு ஆண்டுத் தொடர்ச்சியை உறுதியாகக் கூற இயலும்போது, ஆயிரம் ஆண்டுப் பழமையை ஊகத்தால் கூட்டுதல் அந்நூலகத்தின் பெருமையை வளர்ப்பதாகாது.

இச்சான்றுகளைத் தோட்டப்புறத்திலிருந்து தேடுவது எங்ஙனம்? இணையத்தில் ஒரு செய்தியைக் காணும்போது, அது எதனை மேற்கோளாகக் காட்டுகிறது என்று பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பத்துப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டிருப்பின் அது ஒரு சான்றே. கல்வெட்டாயின், 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளில் அதன் வாசகத்தைக் காணலாம். தஞ்சைக் கோயிலுக்குரியவை இரண்டாம் தொகுதியில் உள்ளன. பழைய தமிழ் நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். சுவடிகளைப் பற்றியாயின், உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் பார்த்தல் நலம். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட அவர், தமக்குக் கிடைத்த ஏடுகள் எங்கிருந்து, எவரிடமிருந்து வந்தன என்பதை முகவுரைகளில் பதிந்துள்ளார். மேற்கோள் குறிப்பு எழுதுதல் தேர்வுக்குரிய சடங்கு என்று எண்ணும் மாணவர்க்கு அம்முகவுரைகளே தக்க விடையாகும்.

இவ்விதிகள் நம் வீட்டு வாயிலிலும் பயன்படுகின்றன. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் நூறாண்டுக்கு முன் நடந்த பள்ளிகளைப் பற்றி ஒருவர் எழுத விரும்பினால், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அவர்க்கு முதலில் கிடைக்கும். 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்கள் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. சிதம்பரக் கல்வெட்டைப் போலவே இதுவும் ஆணை. பள்ளி நடந்ததா என்பதை மாணவர் பதிவேடு சொல்லும். பிள்ளைகளின் பெற்றோர் பெற்ற கூலியைக் கிராணி எழுதிய செக்ரோல் சொல்லும். பெயர் பதிந்திருந்தும் ஒரு சிறுமி ஏன் பள்ளிக்கு வரவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாளா, பால்மரக் காட்டிற்குத் தாயோடு சென்றாளா என்பதை ஒரு மூதாட்டியின் நினைவே சொல்லும். நினைவும் பிழைபடும், ஆகவே பதிவேட்டோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும். பதிவேடும் அதிகாரி பார்ப்பதற்காக எழுதப்பட்டது. ஆகவே நினைவோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும்.

இங்கேதான் நமக்கு ஓர் அவசரம் உள்ளது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் செம்பனை நின்ற இடத்தில் நெடுஞ்சாலையும் வந்துள்ளன. அலுவலகம் மூடப்படும்போது செக்ரோலும், பள்ளி இடம் மாறும்போது பதிவேடும் கழிவுத்தாளாகிவிடுகின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. தில்லையில் அறை பூட்டிக் கிடந்தது என்று கூறும் கதை மெய்யோ அன்றோ, பூட்டிய அலமாரியில் கறையான் ஏறுவது நம் கண்முன் நிகழும் மெய்.

ஆதலின் ஆசிரியர்கள், ஆய்வுப் பணி செய்யும் மாணவர்க்குப் பண்டை நூலகத்தைப் பற்றிய ஒரு பகுதியோடு, தம் தோட்டத்தின் பழைய ஆவணம் ஒன்றைப் படியெடுக்கும் பகுதியையும் சேர்த்து அளிக்கலாம். உரியவர் இசைவு பெற்று, பக்கங்களைக் கைப்பேசியால் படம்பிடித்தாலே போதும். ஏடெழுதுவோர் இறுதியில் நாளும் பெயரும் குறிக்கும் வழக்கம் நம்மிடையே முன்பே உண்டு. அதனைப் பின்பற்றி, படியின் முதற்பக்கத்தில் நான்கு செய்திகளை எழுதுவித்தல் வேண்டும்: மூலம் எவரிடம் இருந்தது, எந்நாளில் படியெடுக்கப்பெற்றது, எப்பக்கங்கள் குறைகின்றன, படியெடுத்தவர் பெயர் என்ன.