சட்டக் கல்லூரியும் சங்கமும்

'சங்கம் கிங்கம்னு சுத்தாதே, படிக்கிற வேலயப் பாரு.' காலேஜுக்குப் போகும் சேரிப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லியனுப்பும் புத்திமதி இது. எனக்கும் சொன்னார்கள். அடிபட்டவர்களின் பயம் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் சங்கம் வேறு, படிப்பு வேறு என்று பிரிப்பது சரிதானா? சட்டக் கல்லூரிகளுக்குள் அமெரிக்கக் கறுப்பர்கள் நுழைந்த வரலாறு வேறுமாதிரி சொல்கிறது.

ஹீமன் ஸ்வெட் ஒரு தபால்காரர். 1946இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் இடமில்லை என்றார்கள். வழக்குப் போட்டார். உடனே மாநில அரசு கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. 'ஒனக்குந்தான் காலேஜ் கட்டியாச்சே, இன்னும் என்ன?' தனிக்குவளையும் தனிச்சுடுகாடும் பார்த்த நமக்கு இந்த வாதம் புதுசில்லை.

ஸ்வெட்டுக்காக வாதாடியவர் துர்குட் மார்ஷல். 1950இல் உச்சநீதிமன்றம் அரசின் வாதத்தைத் தள்ளியது. அங்கே 65,000 புத்தகம், இங்கே 16,500 என்று எண்ணியதோடு அது நிற்கவில்லை. வெள்ளையர் கல்லூரியில் சட்ட இதழ் இருப்பதையும், மாதிரி நீதிமன்றம் இருப்பதையும் கணக்கில் எடுத்தது. நாளைக்கு எந்த வக்கீல்களோடும் நீதிபதிகளோடும் மல்லுக்கட்டப் போகிறோமோ, அவர்கள் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டுச் சொல்லித் தருவது சமமான சட்டப் படிப்பு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். அதாவது, வகுப்புக்கு வெளியே நடப்பதும் படிப்புதான்.

ஸ்வெட் உள்ளே போனார். பகை, தனிமை, உடல்நலக் கேடு. 1952இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். தீர்ப்பு இடம் வாங்கித் தந்தது. கூட நிற்க ஆள் தரவில்லை.

சரி, நம்ம ஆளுங்களே நடத்துற காலேஜா இருந்தா? வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் கறுப்பர்களின் பல்கலைக்கழகம். அதன் சட்டக் கல்லூரியில் 1941இல் சேர்ந்தார் பாலி முர்ரே. வகுப்பில் ஒரே பெண். சட்ட மாணவர் சங்கத்துக்கு ஆள் சேர்க்க ஒரு பேராசிரியர் வீட்டில் கூட்டம். அறிவிப்பில் அழைப்பு ஆண்களுக்கு மட்டும். போய்க் கேட்டார். பெண்களுக்குத் தனியாக ஒன்று ஆரம்பித்துக்கொள் என்று பதில் வந்தது. டெக்சாஸ் அரசு பின்னால் சொன்ன அதே பதில்! கறுப்பரை ஒதுக்கும் முறைக்கு 'ஜிம் க்ரோ' என்று பெயர். பெண்ணை ஒதுக்குவதற்கு முர்ரே 'ஜேன் க்ரோ' என்று பெயர் வைத்தார்.

அதற்காக ஒதுங்கிப் போய்விடவில்லை. கறுப்பருக்குச் சோறு போட மறுத்த ஓர் உணவகத்தில் ஹோவர்ட் மாணவர்கள் 1943 ஏப்ரலில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களுக்குச் சட்ட யோசனை சொன்னவர் முர்ரே. சில நாட்களில் உணவகம் பணிந்தது. 1944இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

வெள்ளையர் கல்லூரிகளுக்குள் கறுப்பு மாணவர்கள் தங்களுக்கென்று நாடு தழுவிய சங்கம் கட்ட 1968 ஆனது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஏ.ஜே. கூப்பர் என்ற மாணவர் தொடங்கிவைத்தார். பிரெடரிக் டக்ளஸ் பெயரில் மாதிரி நீதிமன்றப் போட்டியையும் அது நடத்துகிறது.

தாத்தா வக்கீல், அப்பா ஜட்ஜ் என்று வருகிறவனுக்குச் சாப்பாட்டு மேசையே சங்கம். முதல் தலைமுறையாக வருகிற நம் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் படிக்கணும், எந்த சீனியரிடம் போய்ச் சேரணும் என்று யார் சொல்வது? சட்டம் படிக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, இருக்கிற சங்கங்களில் போய்ச் சேருங்கள். சேர்க்கவில்லையென்றால் கட்டுங்கள். நம் அமைப்புகளிலேயே பெண்தோழர்களை டீ வாங்க அனுப்பிவிட்டுத் தீர்மானம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் அடிக்கும் முன்பே யார் பெயர் விட்டுப்போச்சுன்னு பாத்துக்குங்க.