யாழும் வீணையும் ஒன்றாமோ?

யாழென்னும் கருவியும் இக்காலத்து வீணையும் ஒன்றே எனக் கருதுவார் நம்மவருட் பலர். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் திருக்கையில் ஓவியர் வீணையை எழுதிவிடுதலும் இக்கருத்தின் விளைவேயாம். மணிவாசகப் பெருமான் திருப்பள்ளியெழுச்சியில் வீணையுடையாரையும் யாழுடையாரையும் வேறுவேறாக வைத்து ஓதியருளினமை ஒன்றே இதனை மறுக்கப் போதியது. எனினும் உறுப்பமைதி கொண்டு தெளிதல் நன்று.

பொருநராற்றுப்படையிற் கண்ட யாழின் பத்தர், மானின் குளப்படிச் சுவடுபோல நடுவுயர்ந்து இருமருங்கும் தாழ்ந்தது. அதன்மேல் தோலைப் போர்த்து இழுத்துத் தைப்பர். கோடு, தலையெடுத்த பாம்பென வளைந்து மேனோக்குவது. பத்தரினின்று கோட்டிற்குச் செல்லும் நரம்பு ஒவ்வொன்றும் தனக்குரிய ஓரிசையே தரும். அதனாலன்றோ பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகள் பலவாயின! வீணையிலோ பண் வாசித்தற்குரிய தந்தி நான்கே. 24 மெட்டுக்களின்மேல் விரலூன்ற ஒரு தந்தியே பல சுரங்களையும் தரும்.

திவவு என்னும் உறுப்பே மயக்கத்திற்கு இடனாயது. அதனை மெட்டெனக் கொண்டு யாழை வீணையாக்குவாரும் உளர். அப்பாட்டோ திவவை ஒரு கரிய மகளின் முன்கைத் தொடிக்கு உவமிக்கின்றது. தொடி கையைச் சுற்றிக் கிடப்பது. திவவும் கோட்டைச் சுற்றிய வார்க்கட்டேயாதல் வேண்டும். பருமா நாட்டார் இன்றும் மீட்டும் 'சவுங்' என்னும் கருவி இதற்குக் கண்கூடான சான்று. தோணி போன்ற பத்தர், மான்றோற் போர்வை, வளைந்த கோடு ஆகிய மூன்றும் அதன்கண் உள. கோட்டைச் சுற்றிய கயிற்றுக் கட்டுக்களை நகர்த்திச் சுருதி கூட்டுதல் அதன் பழைய முறை. இவ்வொப்புமை தற்செயலாய் நேர்ந்ததென எமக்குத் தோன்றவில்லை.

இத்துறையில் விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தியற்றிய யாழ்நூல், 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதனை வெளியிட்டனர். தேவாரவியல் என ஓரியலும் அதன்கண் உண்டு. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தமை தமிழிசைக்குப் பேரிழப்பு.

இனித் தருமபுரத்து நிகழ்ச்சியை நோக்குவாம். பதிகவிசை உலகிற் பரவியது யாழ்ப்பாணர் வாசிப்பினாலே எனச் சுற்றத்தார் புகழ, அது பொறாத பாணர் பிள்ளையார் திருவடியில் வீழ்ந்து, கருவியில் அடங்காத இசையைப் பாடியருள வேண்டினர். அங்ஙனம் பாடியருளியதே யாழ்முரிப் பதிகம். மிடற்றிசை ஒரு சுரத்தினின்று மற்றொன்றற்கு அசைந்தும் இழைந்தும் செல்ல வல்லது. நரம்புக்கு ஓரிசையாகக் கட்டிய யாழ் அவ்வசைவெல்லாம் ஏலாது. வீணையாயின் மெட்டின்மேல் தந்தியை இழுத்து அவற்றுட் பலவற்றைக் காட்டிவிடலாம். ஆதலின் பாணர் கைக்கருவியை வீணை என்பார்க்குச் சேக்கிழார் வாக்கின் நுட்பம் புலனாகாது. யாழை முரிக்க ஓங்கிய பாணரைத் தடுத்த பிள்ளையார், திருவருட்பெருமை கருவியில் அளவுபடுமோ என வினவி, இயன்றவளவு வாசிக்குமாறு பணித்து, அவ்யாழையே அவர்க்கு மீள அளித்தருளினர்.