அயலாருக்கு அறிவித்தல்: நம் கடற்கரை கண்ட வரலாறு

நம் கோவில்களில் ஒரு கலியாணம் நடக்குமுன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். விக்கினம் அறிந்தவர்கள் பங்குச் சுவாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இரு குடும்பத்தார் காரியத்துக்கே ஊரைக் கேட்கிறோம். நம் கரையில் துறைமுகமும் ஆலைகளும் வந்தபோது யாருக்கு ஓலை வாசிக்கப்பட்டது என்பதை இந்த விழா மலரில் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு கடலுக்குள் சுவர்கள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அவற்றில் தடைபட்டு மெரினாப் பக்கம் குவிந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது. கருங்கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. வடகரையில் குடிசை இழந்தவரோ துறைமுகத்துக்கு ஒரு சாண் நிலமும் கொடுத்தவரல்லர், வெறும் அயலார்.

1894-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், அரசிதழில் வரும் அறிவிக்கையின் சாரத்தை அவ்வூரிலும் வெளியிட வேண்டும் என்றது. ஆட்சேபணை கேட்கும் 5-ஏ பிரிவு சேர்ந்தது 1923-இல்தான். தவணை 30 நாள். அவசரம் என்று சொல்லி அதையும் தள்ளிவிட 17-ஆம் பிரிவு வழிவிட்டது! இத்தனைக்கும் அது நிலத்தில் உரிமையுள்ளவருக்கான ஓலை. வலை உலர்த்தும் மணலுக்கும் இறால் பிடிக்கும் கழிமுகத்துக்கும் எந்த மீனவர் கையில் பட்டா இருந்தது?

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே அயலாரின் நினைவு வந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆலையின் அபாயங்களைத் தொழிலாளரோடு அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1997 ஏப்ரல் 10 அன்று, பெருந்திட்டங்களுக்கு அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது கட்டாயமாயிற்று. இங்கே பட்டா கேட்கவில்லை. பாதிக்கப்படும் இடத்தில் குடியிருந்தாலே போதும். நம் கரைக்கு வாசிக்கப்பட்ட முதல் ஓலை இதுவென்றே சொல்லலாம்.

2006 செப்டம்பர் 14-இன் அறிவிக்கை முறைகளை விரிவாக்கியது. 30 நாள் முன்னதாக வட்டார மொழி நாளேடு ஒன்றிலும் விளம்பரம் வரவேண்டும். பத்திரிகை எட்டாத ஊரில் தண்டோரா போட வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அறிக்கையைப் பார்க்கலாம். ஆனால் மக்கள் மொழியில் கட்டாயமானது சுருக்கம் மாத்திரமே. 2020-இல் வந்த வரைவு 30 நாளை 20 ஆக்க முயன்றபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது.

சட்டம் இவ்வளவு வளர்ந்த பின்னும், 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். தங்கள் கரையோரம் அப்படியொரு குழாய் கிடப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ!

மறு ஆண்டு டிசம்பர் 20 அன்று, எண்ணூர் அனல் மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இத்தகைய கூட்டத்துக்கு இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு விதியில் இல்லை. நாற்காலிகள் காலியாயிருந்தாலும் கூட்டம் செல்லும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்டி, கலெக்டரோ அவர் பிரதிநிதியோ அன்றே கையொப்பமிட வேண்டும். தாம் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டபின் வீடு திரும்பலாம்.