நோய்

'நோ' என்ற வினையடியில் பிறந்தது நோய். நோதல் என்றால் வலித்தல், வருந்துதல். கன்னடத்தில் 'நோவு' இன்றும் வலிதான். குறுந்தொகைத் தலைவி பிரிவுத் துயரையே நோய் என்கிறாள். அங்கே காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை. பட்டவர் உணர்வதுதான் இச்சொல்லின் வேர்.

மலேசியாவின் கெடா மாநிலத்து அன்றாட மலாயிலும் அப்படியே. 'சாக்கிட்' என்பது வலிக்கும் நோய்க்கும் ஒரே சொல். சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம், "இடுப்பு நோவுதுங்க ஐயா, காண்டா வாளி தூக்க முடியல" என்றால், எந்தத் தெர்மாமீட்டரிலும் ஏறாத செய்தி அது. அதைக் குறித்துக்கொள்ளாத மருத்துவம் அரைகுறைதான்.

மருத்துவ ஆய்விலும் இக்குறை உணரப்பட்டது. 1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் தொடங்கிய 'ஒமராக்ட்' என்னும் மூட்டுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு, 2002 மாநாட்டுக்கு நோயாளிகளையும் அழைத்தது. மருத்துவர்கள் வீங்கிய மூட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க, தங்களை முடக்குவது அசதி என்றார்கள் வந்தவர்கள். பின்னர் முடக்குவாத மருந்தாய்வுகளில் அசதியையும் அளக்கும்படி அவ்வமைப்பு பரிந்துரைத்தது. அவ்வமைப்பில் பல நாட்டு மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பணிக்குழுக்களாகக் கூடி, எதை அளப்பது, எப்படி அளப்பது என்று விவாதித்து வாக்கெடுக்கிறார்கள். நோயாளியும் 'ஆய்வுத் துணைவர்' என்ற பெயரோடு அங்கே வாக்களிக்கிறார்.